எழுபதுகளின் ராக் மேதைகளை மேடையில் பார்த்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யெஸ், ஜெனிசிஸ், கிங் கிரிம்சன் போன்ற குழுக்களை 1970களில் நேரில் பார்த்த ரசிகர்கள் எழுதியது, பேசியது, சண்டை போட்டது எல்லாவற்றையும் தேடித் தேடிப் படிப்பது என் பழக்கம். அந்தக் காலத்தில் நான் பிறக்கவே இல்லை, அதனால் பொறாமையும் உண்டு. இந்த இசையைக் கேட்க ஆரம்பித்த நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே ஒரேயடியாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

எந்தக் குழுக்கள், எந்த வருடங்கள்?

தோராயமாகச் சொன்னால், 1969 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் மேடையேறும் முன் கிங் கிரிம்சன் வாசித்தார்களே, அதில் தொடங்கி 1978, 79 வரை. யெஸ், ஜெனிசிஸ், கிங் கிரிம்சன், எமர்சன் லேக் அண்ட் பாமர் (இனி இஎல்பி), ஜென்டில் ஜெயன்ட், வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர், பிங்க் ஃபிளாய்ட். அமெரிக்காவிலிருந்து கிளம்பியதில் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா. இவர்களில் பாதிப் பேர் சின்ன வயதில் பியானோ பாடம் படித்தவர்கள் அல்லது ஜாஸ் டிரம்மர்களைப் பார்த்துப் பார்த்து வாசித்துப் பழகியவர்கள். வானொலிக்கு ஏற்ற மூன்று நிமிடப் பாட்டு இவர்களுக்குப் போதவில்லை, ஒரு பக்க இசைத்தட்டு முழுக்க ஒரே பாட்டு என்று போய்விட்டார்கள். ஃபிளாய்டை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். விரல் வேகத்தில் அவர்கள் மற்றவர்களுக்குப் பக்கத்தில் வர மாட்டார்கள்தான், ஆனால் ஒலியைக் கையாண்டதில் அவர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

லெட் செப்பலின், டீப் பர்ப்பிள் எங்கே?

அவர்களும் மேதைகள்தான், சண்டைக்கு வராதீர்கள். அவர்களைப் பற்றி எழுத ஊருலகத்தில் ஆள் நிறைய இருக்கிறது.

நேரில் பார்த்தவர்கள் முதலில் எதைச் சொல்கிறார்கள்?

எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. அப்போது மேடைக்கு இருபுறமும் பெரிய திரை கிடையாது. முன்வரிசைக்காரர்கள் விரல்களைப் பற்றிப் பேசுகிறார்கள்: யெஸ்ஸின் ஸ்டீவ் ஹவ் ஒரே பாட்டுக்குள் கிடாரை மாற்றி மாற்றி எடுப்பது, கிங் கிரிம்சனின் ராபர்ட் ஃபிரிப் ஸ்டூலில் உட்கார்ந்தபடி முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் வாசிப்பது. பின்னால் இருந்தவர்கள் வெளிச்சத்தையும் நெஞ்சில் அடித்த பேஸையும் பற்றிப் பேசுகிறார்கள். காலால் மிதித்து வாசிக்கும் பேஸ் பெடல் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. ஜெனிசிஸில் மைக் ரதர்ஃபோர்ட் கையில் பன்னிரண்டு தந்திக் கிடாரோடு நின்றுகொண்டு காலால் அந்தப் பெடலை மிதிக்கும்போது இருக்கை அதிர்ந்தது என்று எழுதாத ஜெனிசிஸ் ரசிகரை நான் பார்த்ததில்லை.

யெஸ் ரசிகர்கள் எல்லோரும் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. விளக்கெல்லாம் அணைந்துவிடும், ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ஃபயர்பேர்ட் இசையின் கடைசிப் பகுதி டேப்பில் ஓடும், அது மெதுவாக ஏறி ஏறி உச்சத்துக்கு வரும்போது இருட்டில் ஆட்கள் நடமாடுவது தெரியும், முடிந்த அதே நொடியில் குழு முதல் பாட்டைப் பிடித்துக்கொள்ளும். இசைக்கச்சேரி கேட்கவே போகாத ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு ஸ்ட்ராவின்ஸ்கி அறிமுகமானது அப்படித்தான். பிறகு அந்த இசைத்தட்டையும் தேடி வாங்கியவர்கள் ஏராளம்.

டிக்கெட் எப்படிக் கிடைத்தது?

பிரிட்டனில் அரங்கத்தின் டிக்கெட் கவுன்டரில் விடியற்காலையிலிருந்து வரிசை, அல்லது தபாலில் பணமும் சுயவிலாசமிட்ட, தபால்தலை ஒட்டிய உறையும் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பது. எந்த இருக்கை வரும் என்று உறையைப் பிரிக்கும்வரை தெரியாது. கச்சேரி நீண்டுபோய், கடைசி பஸ்ஸைப் பிடிக்க உச்சக்கட்டப் பாட்டின் நடுவில் எழுந்து ஓடியதை ஐம்பது வருடம் கழித்தும் புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இசைத்தட்டில் இருப்பதை அப்படியே மேடையில் வாசித்தார்களா?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, இரண்டு முகாம் உண்டு.

யெஸ் முதல் முகாம். 1972இல் வந்த 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பாட்டு 18 நிமிடத்துக்கும் மேல். ஸ்டுடியோவில் அதை ஒரே மூச்சில் யாரும் வாசிக்கவில்லை, துண்டு துண்டாகப் பதிவு செய்து டேப்பை வெட்டி ஒட்டினார்கள். ஒட்டியது ஒலிப்பதிவாளர் எடி ஆஃபர்ட். அதாவது முழுப் பாட்டு எப்படி இருக்கும் என்று வாசித்தவர்களுக்கே டேப்பைக் கேட்டுத்தான் தெரியும். பிறகு அந்த ஒட்டுத் துணியை மேடையில் ஒரே மூச்சில் வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அது போதாதென்று, பதிவு முடிந்த கையோடு டிரம்மர் பில் புரூஃபர்ட் கிங் கிரிம்சனுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த ஆலன் வைட்டுக்கு, அமெரிக்கப் பயணம் தொடங்கும் முன் முழுக் கச்சேரியையும் படிக்கக் கிடைத்தது மூன்றே நாள். அந்தப் பயணத்தில் பார்த்தவர்கள் யாரும் டிரம்ஸில் தடுமாற்றம் இருந்ததாகச் சொல்லி நான் படித்ததில்லை. வைட் உள்ளுக்குள் என்ன பாடுபட்டாரோ.

கிங் கிரிம்சன் அடுத்த முகாம். 1972 முதல் 74 வரையிலான அவர்கள் கச்சேரியில் கணிசமான பகுதி அந்த இடத்திலேயே பிறந்த இசை. 1973 நவம்பர் 23 அன்று ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபாவ் அரங்கில் போய் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது: அன்று மேடையில் நடந்ததில் ஒரு பகுதி, கைதட்டலை எடுத்துவிட்டு, அடுத்த வருடம் 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' என்ற ஆல்பமாகக் கடைக்கு வரப்போகிறது. அதில் 'ட்ரியோ' என்று ஒரு பகுதி இருக்கிறது. வயலின், பேஸ், மெல்லோட்ரான் என்ற கீபோர்டின் புல்லாங்குழல் ஒலி, மூன்றும் மிக மெல்லிய குரலில் பேசிக்கொள்ளும். புரூஃபர்ட் குச்சிகளை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு கடைசிவரை ஒரு அடிகூட அடிக்கவில்லை. அடிக்காமல் இருந்ததற்காகவே அந்தப் பகுதியை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரையும் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பத்து வருடத்தின் மிகச் சிறந்த டிரம்ஸ் வாசிப்புகளில் அதுவும் ஒன்று.

மெல்லோட்ரான், மெல்லோட்ரான் என்கிறார்களே, அது என்ன, ஏன் எல்லோரும் அதைத் திட்டுகிறார்கள்?

வெளியில் இருந்து பார்த்தால் சாதாரண கீபோர்ட், வெள்ளைப் பெட்டி. உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு காந்த நாடாத் துண்டு. 400 மாடலில் 35 கட்டை, 35 நாடா. வயலின் கூட்டமோ பாடகர் குழுவோ புல்லாங்குழலோ அந்த ஒரு ஸ்வரத்தை வாசித்ததை முன்பே அதில் பதிந்து வைத்திருப்பார்கள். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், சுமார் எட்டு நொடியில் தீர்ந்துவிடும், விரலை எடுத்தால் ஸ்பிரிங் பின்னுக்கு இழுக்கும். நீளமான கார்வை வேண்டுமென்றால் எட்டு நொடிக்குள் விரலை மாற்றி மாற்றி ஏமாற்ற வேண்டும். பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் மோட்டார் திணறிச் சுருதி இறங்கும். அரங்கத்தில் சூடு ஏறினால் சுருதி மாறும், ஈரப்பதம், சிகரெட் புகை, மின்னழுத்தம், லாரியில் பட்ட குலுக்கல் எல்லாமே அதற்கு எதிரி.

அப்படியிருந்தும் ஏன் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்? ஐந்து பேரால் முழு வாத்தியக் குழு ஒலியை எழுப்ப அப்போது வேறு வழி இல்லை. அந்த லேசான நடுக்கமே அழகு என்று இப்போது அதே ஒலியைக் கணினியில் போலி செய்து விற்கிறார்கள். ஜெனிசிஸின் 'வாட்சர் ஆஃப் தி ஸ்கைஸ்' தொடக்கத்தில் டோனி பேங்க்ஸ் வாசிக்கும் அந்தப் பெரிய நாதம் முழுக்க மெல்லோட்ரான். இருட்டு அரங்கில் அதைக் கேட்டபோது கூரை இறங்கி வந்ததாக நினைத்தேன் என்று ஒருவர் எழுதியிருந்தார், கூடவே அன்று சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது என்றும் எழுதியிருந்தார். இரண்டையும் நான் நம்புகிறேன்.

எமர்சன் ஆர்கனைக் கத்தியால் குத்தினார், பியானோவோடு காற்றில் சுழன்றார் என்பதெல்லாம் உண்மையா?

உண்மை. கத்தியை இஎல்பியின் கீபோர்ட்காரரான எமர்சனுக்குக் கொடுத்தவர் லெம்மி. பின்னாளில் மோட்டார்ஹெட் குழுவை நடத்திய அதே லெம்மி, எமர்சனின் பழைய குழுவான தி நைஸிடம் சாமான் தூக்கும் வேலையில் இருந்தபோது. கத்தி வெறும் ரவுடித்தனம் இல்லை, கட்டைகளுக்கு நடுவில் செருகினால் அந்த ஸ்வரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும், எமர்சன் கை இரண்டும் வேறு வேலைக்குக் கிடைக்கும். சின்ன ஹாமண்ட் ஆர்கனைக் கவிழ்ப்பது, மேலே ஏறுவது, பின்னால் நின்றுகொண்டு தலைகீழாக வாசிப்பது, எல்லாம் உண்டு. இவருடைய மூக் சிந்தசைசர் ஆள் உயரத்துக்கு வயர்களும் திருகுகளுமாக நிற்கும். முதன்முதலில் பார்த்தவர்கள் பலருக்கு அது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்றுதான் பட்டதாம்.

பியானோ விஷயம் பிரபலமானது 1974 ஏப்ரல் 6, கலிஃபோர்னியா ஜாம். ஒன்டாரியோ கார் பந்தய மைதானத்தில் 2 லட்சத்துக்கும் மேல் கூட்டம். பியானோவோடு எமர்சனையும் இருக்கையில் கட்டி, மேலே தூக்கி, முன்னும் பின்னுமாகக் குட்டிக்கரணம் அடிக்கவைத்தார்கள். அவர் வாசித்துக்கொண்டேதான் சுற்றினார் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. அந்தப் பியானோவுக்குள் ஒன்றுமே இல்லை, வெறும் கூடு என்று அதே குழுவின் கிரெக் லேக்கே பின்னால் சொல்லிவிட்டார். சரி, சுற்றியது உண்மை, அதுவே போதும். இந்த வித்தையில் விரலிலும் மூக்கிலும் காயம்பட்டது எமர்சனுக்குத்தான்.

டிரம் சோலோ அவ்வளவு நேரமா?

அவ்வளவு நேரம்தான். இஎல்பியின் கார்ல் பாமர் 1973இல் துருப்பிடிக்காத எஃகில் தனியாக டிரம்ஸ் செய்துகொண்டார், பறைகளின் மேல் வேட்டைக் காட்சிகளைச் செதுக்கவைத்தார். அது மேடையோடு சுழலும், மேலே கோவில் மணி அளவுக்கு ஒரு மணி தொங்கும், அதன் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து அடிப்பார், கை இரண்டும் டிரம்ஸில் இருக்கும், நடுவில் சட்டையையும் கழற்றியிருப்பார். நம்மூர் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிக் கூட்டம் காபிக்கு எழுந்து போகுமே, அங்கேயும் அதே கதை, பீர் வாங்கவும் கழிப்பறைக்கும். உட்கார்ந்து கேட்டவர்கள்தான் வாழ்நாள் முழுக்க அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதும் அதே கதை.

பீட்டர் கேப்ரியல் வேடம் போட ஆரம்பித்தது எப்படி?

பாதி தேவையால். ஜெனிசிஸில் கிடார்காரர்கள் இருவரும் உட்கார்ந்துதான் வாசித்தார்கள், பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்க்க நேரம் பிடிக்கும், அந்த இடைவெளியில் கூட்டத்தைப் பிடித்துவைக்க பாடகர் கேப்ரியல் கிறுக்குக் கதைகள் சொல்லுவார். 1972 செப்டம்பரில் டப்ளின் குத்துச்சண்டை அரங்கில் ஒரு பாட்டின் நடுவே மேடையைவிட்டுப் போனவர், மனைவியின் சிவப்புக் கவுனும் நரித் தலையுமாகத் திரும்பி வந்தார். கூட வாசித்தவர்களுக்கே முன்கூட்டித் தெரியாது. கூட்டம் அதிர்ச்சியில் அடங்கிப்போனது என்கிறார்கள்.

அதன்பின் வௌவால் சிறகு, பூ முகமூடி, 1974 ஜனவரியில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கம்பியில் தொங்கிப் பறந்தது என்று ஏறிக்கொண்டே போனது. உச்சம், அல்லது விபத்து, 'தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' பயணம், 1974 நவம்பர் முதல் 75 மே வரை, நூறு கச்சேரி அளவுக்கு. இரட்டை ஆல்பம் முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்கள். உடம்பெல்லாம் கட்டிகளோடு ஸ்லிப்பர்மேன் என்று ஒரு உடுப்பு, அதற்குள் போனால் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோகவே முடியாது, வரிகள் பாதி காணாமல் போகும். பின்னால் மூன்று திரைகளில் ஸ்லைடு படங்கள், அவை ஒழுங்காக ஓடிய இரவுகளை விரல்விட்டு எண்ணலாம் என்று குழுவினரே சொல்லியிருக்கிறார்கள்.

தெரியாத பாட்டுகளை மணிக்கணக்கில் கூட்டம் பொறுத்துக்கொண்டதா?

இதுதான் எனக்கு மிகவும் ஆச்சரியமான விஷயம். லாம்ப் பயணம் சிகாகோவில் தொடங்கியபோது ஆல்பம் அப்போதுதான் வெளியாகிக்கொண்டிருந்தது. முதலில் பிரிட்டனில் தொடங்குவதாக இருந்து, கிடார்காரர் ஸ்டீவ் ஹாக்கெட் கையில் இருந்த ஒயின் கோப்பையை நொறுக்கிக் கட்டைவிரல் நரம்பை அறுத்துக்கொண்டதால் தள்ளிப்போனது வேறு கதை. அமெரிக்கர்கள் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் கேட்டறியாத இசையைக் கேட்டார்கள். பழைய பாட்டு கடைசியில்தான்.

பிங்க் ஃபிளாய்ட் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' முழுவதையும் ஆல்பம் வருவதற்கு ஒரு வருடம் முன்பே ஊர் ஊராக வாசித்தார்கள். 1972 ஜனவரி 20, பிரைட்டன் டோம், முதல் இரவு. 'மணி' பாட்டில் டேப்பும் மின்சாரமும் சொதப்பி, பாதியில் நிறுத்திவிட்டு வேறு எதையோ வாசித்தார்கள். மறுநாள்தான் முழுதாக முடிந்தது. முதல் இரவு போனவர்கள் தங்களுக்குக் கிடைத்ததுதான் அபூர்வம் என்கிறார்கள். வயிற்றெரிச்சலை மறைக்கச் சொல்வதாகவும் இருக்கலாம். பிப்ரவரியில் லண்டன் ரெயின்போ அரங்கில் வாசித்ததை யாரோ பதிவு செய்து, ஆல்பம் வரும் முன்பே திருட்டு இசைத்தட்டாக விற்றார்கள்.

யெஸ்தான் இதில் அளவு மீறியது. 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்', நான்கு பாட்டு, எண்பது நிமிடம். 1973 நவம்பரில் அதை முழுக்க மேடையில் வாசித்தார்கள், ஆல்பம் கடைக்கு வந்தது டிசம்பரில். கீபோர்ட் வாசித்த ரிக் வேக்மனுக்கே அது பிடிக்கவில்லை. மான்செஸ்டரில் ஃப்ரீ டிரேட் ஹாலில் நடந்ததை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: ஆர்கனுக்கு அடியில் படுத்திருந்த உதவியாளர் கச்சேரி முடிந்து சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்க, இவர் கோழி விந்தாலு, சாதம், அப்பளம் என்று பட்டியல் போட, அந்த ஆள் உடனே போய் வாங்கி வந்து ஒவ்வொரு பொட்டலமாக மேலே நீட்ட, இவர் கீபோர்ட் மேலேயே வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். முன்வரிசைக்கு வாசனை வந்திருக்கும். அடுத்த வருடமே குழுவைவிட்டு விலகினார். அந்தப் பயணத்துக்கு யெஸ்ஸின் ஆல்பம் அட்டைகளை வரைந்த ரோஜர் டீனும் அவர் தம்பியும் செய்த கண்ணாடியிழை மேடையில் டிரம்ஸைச் சுற்றித் திறந்து மூடும் ஒரு கூடு இருந்தது, ஒரு இரவு அது திறக்காமல் ஆலன் வைட் உள்ளே மாட்டிக்கொண்டார் என்ற கதையும் வேக்மன் வாயிலிருந்து வந்ததுதான். அவர் நல்ல கதைசொல்லி, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமைதியாக உட்கார்ந்துதான் கேட்டார்களா?

பிரிட்டனில் பெரும்பாலும் ஆமாம். நகர மன்றங்கள், பழைய சினிமா தியேட்டர்கள், நிலையான இருக்கைகள். எழுந்து ஆடினால் பின்னால் இருப்பவர் சட்டையைப் பிடித்து இழுப்பார். அமெரிக்காவில் கதை வேறு, ஐஸ் ஹாக்கி அரங்குகள், இருபதாயிரம் பேர், மெல்லிய பகுதி வரும்போது பின்னால் ஒருவன் பட்டாசு வெடிப்பான். 1972இல் பிளாக் சபாத் கூட்டத்துக்கு முன்னால் வாசிக்க நேர்ந்த ஜென்டில் ஜெயன்ட்டை யோசித்துப் பாருங்கள், பல குரல் பின்னல் பாட்டும் வயலினும் செல்லோவுமாக வந்தவர்கள். கூச்சல்தான் கிடைத்தது.

கூட்டம் பெரிதாகப் பெரிதாக மேடையில் இருந்தவர்களுக்கும் பொறுமை போனது. 1977 ஜூலை 6, மான்ட்ரியால் ஒலிம்பிக் மைதானம், பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ் ஒரு ரசிகன் மேல் துப்பினார். பிறகு தன்மேலேயே வெறுப்பு வந்து, கூட்டத்துக்கும் தனக்கும் நடுவில் சுவர் எழுப்பும் யோசனை, அதாவது 'தி வால்' ஆல்பம், அதிலிருந்துதான் பிறந்தது என்று அவரே சொன்னார். அதே மைதானத்தில் அடுத்த மாதம் இஎல்பி ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தார்கள். சுமார் எழுபது பேரை ஊர் ஊராகக் கூட்டிப்போன செலவு தாங்காமல் சில வாரத்திலேயே பெரும்பாலான ஊர்களுக்கு மூன்று பேராகப் போனதும் அதே பயணத்தில்தான்.

ஆபத்து இருந்ததா?

இருந்தது, காதுக்கு மட்டுமில்லை. 1971 டிசம்பர் 4, ஸ்விட்சர்லாந்து மான்ட்ரூ சூதாட்ட விடுதியில் அமெரிக்கக் கிடார்காரர் ஃபிராங்க் ஸப்பா வாசித்துக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒருவன் சுடரொளித் துப்பாக்கியைக் கூரையைப் பார்த்துச் சுட, கட்டடம் முழுக்க எரிந்தது. நல்லவேளை யாரும் சாகவில்லை. ஒரு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 10, லண்டன் ரெயின்போ அரங்கில் ஒருவன் மேடையேறி ஸப்பாவைக் கீழே தள்ளிவிட்டான். மாதக்கணக்கில் சக்கர நாற்காலி.

இத்தாலியைப் பற்றி எல்லோரும் தனியாகப் பேசுகிறார்களே?

சொந்த ஊரில் சின்ன மன்றங்களில் வாசித்துக்கொண்டிருந்த ஜெனிசிஸுக்கு 1972இல் இத்தாலியில் விளையாட்டரங்கம் நிறைந்தது. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் 'பான் ஹார்ட்ஸ்' பிரிட்டனில் யாரும் சீண்டவில்லை, இத்தாலியில் முதலிடம். ஓபரா கேட்டு வளர்ந்த காதுகள் என்பார்கள், இருக்கலாம். ஆனால் இசைக்குக் காசு வாங்கக்கூடாது என்று கதவை உடைக்கும் இளைஞர்கள், கண்ணீர்ப்புகை வீசும் போலீஸ் என்று ஒவ்வொரு கச்சேரியும் அரசியல் கூட்டமாகிக்கொண்டிருந்தது. 1975இல் வான் டெர் கிராஃபின் வாத்தியங்கள் லாரியோடு திருடுபோயின. எழுபதுகளின் பின்பாதியில் வெளிநாட்டுக் குழுக்கள் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டன.

நம்மவர்களுக்கு இதில் இடம் உண்டா?

உண்டு, ஓரமாக இல்லை, மேடையின் நடுவிலேயே. ஜான் மக்லாக்லின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா நடத்தியபோது, 1971 முதல் 73 வரை, வெள்ளை உடையில் இரட்டைக் கழுத்துக் கிடாரோடு வருவார், முதலில் சில நொடி மௌனம், பிறகு காது கிழியும். பில்லி காபம் டிரம்ஸ். அவர்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் கிடாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன் என்கிற ரசிகர்கள் ஒரு படையே இருக்கிறார்கள்.

அந்த மக்லாக்லின் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை படித்தார். அங்கே பழக்கமானவர் வயலின் எல். சங்கர், யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்த வி. லட்சுமிநாராயணாவின் மகன், எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியத்தின் தம்பி. இவர்களோடு ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம். சக்தி குழு. முதல் ஆல்பமே 1975 ஜூலையில் நியூயார்க் அருகே ஒரு கல்லூரியில் மேடையில் வாசித்ததைப் பதிவு செய்ததுதான். மகாவிஷ்ணு ரகத்தில் இடியை எதிர்பார்த்து டிக்கெட் வாங்கியவர்கள், தரையில் சம்மணமிட்டு ஐந்து பேர், ஆம்ப்ளிஃபயர் மலை எதுவும் இல்லை என்று பார்த்துக் குழம்பியிருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் கடத்துக்கும் தபலாவுக்கும் நடக்கும் கேள்வி பதிலில் எழுந்து நின்று கத்தியிருக்கிறார்கள். 'மண் பானையை வாசித்த அந்த மனிதர்' என்று பெயர் தெரியாமல் வியக்கும் அமெரிக்க ரசிகர்களின் குறிப்புகளைப் படிக்கும்போது எனக்கு ஏற்படும் பெருமிதத்தை மறைக்க விருப்பமில்லை. எழுபதுகளின் ராக் ரசிகனை வேகத்தில் தோற்கடித்த கூட்டத்தில் நம்மூர்க்காரர் ஒருவர் ஒரு பானையோடு உட்கார்ந்திருந்தார்.

சரி, ஐம்பது வருடம் பழைய நினைவுகளை எப்படி நம்புவது?

அப்படியே நம்பக்கூடாது. ஒருவர் சொல்லும் கச்சேரியில், அந்தத் தேதிக்கு இரண்டு வருடம் கழித்து எழுதப்பட்ட பாட்டு வரும். ஆறாயிரம் பேர் கொள்ளும் அரங்கில் இருபதாயிரம் பேர் இருப்பார்கள். கலிஃபோர்னியா ஜாம் தொலைக்காட்சியிலும் வந்தது, அதனால் எமர்சன் சுழன்றதைப் பார்த்தேன் என்று சொல்பவர் வெயிலில் நின்று பார்த்தாரா, சோபாவில் உட்கார்ந்து பார்த்தாரா என்று சில சமயம் அவருக்கே தெரிவதில்லை.

டேப் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. லாம்ப் பயணம் முழுவதையும் யாரும் படம் பிடித்துவைக்கவில்லை, கிடைப்பது சில துண்டுகள், புகைப்படங்கள், ஒலிப்பதிவுகள். 1975 ஜனவரி லாஸ் ஏஞ்சல்ஸ் கச்சேரியின் பதிவு 1998இல் பெட்டித் தொகுப்பாக வந்தது, ஆனால் கேப்ரியல் தன் குரலில் பெரும்பகுதியை ஸ்டுடியோவில் திரும்பப் பாடிக் கொடுத்திருந்தார், முகமூடிக்குள்ளிருந்து பாடிய குரல் அவ்வளவு மோசமாகப் பதிவாகியிருந்தது. கிங் கிரிம்சனின் 'யூஎஸ்ஏ' 1974 ஜூன் அமெரிக்கக் கச்சேரி, அதில் சில பாட்டுகளில் டேவிட் கிராஸ் வாசித்த வயலினை எடுத்துவிட்டு எடி ஜாப்சனை வைத்து மறுபடி வாசித்துச் சேர்த்தார்கள். ஆக, மேடைப் பதிவு என்று நீங்கள் காசு கொடுத்து வாங்குவதில் அன்று அரங்கில் யாருமே கேட்காத இசை இருக்கிறது, முகமூடிக்குள் வரிகள் காணாமல் போனது ரசிகர் நினைவில்தான் இருக்கிறது.

அதனால் நான் தேதியையும் பாட்டு வரிசையையும் டேப்பிடம் கேட்பேன், மற்றதை ஆட்களிடம். சொதப்பல்களை நினைவு வைத்திருப்பவர்களை அதிகம் நம்புவேன். எல்லாமே அற்புதம் என்று எழுதுகிறவர் பெரும்பாலும் இசைத்தட்டைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். மூன்றாம் பாட்டில் மெல்லோட்ரான் நின்றுபோய் பாடகர் அசட்டு ஜோக் சொன்னார் என்கிறவர் அங்கே இருந்திருக்கிறார்.

பங்க் (எழுபதுகளின் பின்பாதியில் கிளம்பிய எளிய, ஆவேசமான ராக்) வந்துதான் இவர்களை ஒழித்ததா?

இல்லை. ஃபிரிப் 1974இலேயே கிங் கிரிம்சனைக் கலைத்துவிட்டார், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஜூலை 1 கடைசி. கேப்ரியல் 75இல் போய்விட்டார். பங்க் தலையெடுத்த பிறகும் யெஸ் 1978, 79இல் அரங்கின் நடுவில் சுழலும் மேடை போட்டு நிறைத்தார்கள். இஎல்பியை ஒழித்தது ஆர்கெஸ்ட்ரா கட்டணமும் சலிப்பும். பங்க் மாற்றியது பத்திரிகைக்காரர்களை.

எந்த மேடைப் பதிவிலிருந்து தொடங்கலாம்?

யெஸ்ஸின் 'யெஸ்சாங்ஸ்', 1973, மூன்று இசைத்தட்டு. ஒலித்தரம் சுமார்தான், ஆனால் ஃபயர்பேர்ட் முடிந்து குழு பாயும் அந்த நொடி அதில் இருக்கிறது. ஆலன் வைட் பெரும்பாலான பாட்டுகளில், புரூஃபர்ட் சிலவற்றில், யார் எது என்று கண்டுபிடிப்பது நல்ல பொழுதுபோக்கு. அடுத்து ஜென்டில் ஜெயன்ட்டின் 'பிளேயிங் தி ஃபூல்', 1976 ஐரோப்பியப் பயணத்தில் பதிவானது, இவர்கள் ஸ்டுடியோவைவிட மேடையில்தான் சூடு. கேப்ரியல் போன பிறகான ஜெனிசிஸுக்கு 'செகண்ட்ஸ் அவுட்', 1977, பாரிஸ். மகாவிஷ்ணுவுக்கு 1973 சென்ட்ரல் பார்க் பதிவு. இஎல்பியின் மூன்று தட்டுத் தொகுப்பை டிரம் சோலோவைத் தாண்டாமல் கேட்க முடிந்தால் சொல்லுங்கள். சக்தியின் முதல் ஆல்பத்தை மட்டும் நல்ல ஹெட்ஃபோனில், சத்தமாக, வீட்டில் யாரும் கூப்பிடாத நேரத்தில் கேளுங்கள்.